மலையகத்திலிருந்து கடலுக்கு: டிரிப் போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போகிற குடும்பங்களும் பொடியன்மாரும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கோயில், கோட்டை, சரணாலயம் எல்லாம் வழியில் வருவதால் அவற்றையும் சேர்த்தே பேசுகிறோம். டிக்கட் விலை, ஜீப் வாடகை போன்றவை அடிக்கடி மாறுகின்றன. அவற்றைப் போகிற வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடற்கரைக்குப் போவது நல்லது?

எந்த மாதம் போகிறீர்கள் என்று சொன்னால்தான் இதற்குப் பதில் சொல்லலாம். பலர் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் லீவு எப்போது என்று பார்க்கிறார்கள். அப்படிப் போனவர்கள்தான் ஜூலை மாதம் ஹிக்கடுவையில் சிவப்புக் கொடியைப் பார்த்து, மணலில் உட்கார்ந்து கச்சான் கொறித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். தெற்கும் மேற்கும் அப்போது கொந்தளிக்கும். அதே காற்று நம் மலையில் மோதி மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டும்போது ஈரமெல்லாம் தீர்ந்து, வெறும் சுடுகாற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அந்த மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புக் கடல் அடங்கிக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று வீசும்போது கதை தலைகீழ். கிழக்கில் மழையும் அலையும்; தெற்கும் மேற்கும் தெளிந்துவிடும்.

ஆகவே மலையில் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஹட்டனில் விடாமல் மழை கொட்டுகிறதா, கிழக்கே போங்கள். பதுளையில் கொட்டுகிறதா, தெற்குக்கோ மேற்குக்கோ போங்கள். நூற்றுக்கு நூறு சரியாக வராது. ஆனாலும் யூடியூபில் பார்த்த வீடியோவை நம்பிக் கிளம்புவதைவிட இது மேல்.

நமக்கு லீவு கிடைப்பதே பண்டிகைக்கும் பள்ளி விடுமுறைக்கும்தானே?

அதுதான் சிக்கல். பண்டிகை வாரியாகவே சொல்லிவிடுகிறோம்.

தைப்பொங்கலுக்கு, அதாவது ஜனவரி நடுவில், தெற்குக் கரை. உனவட்டுன, மிரிஸ்ஸ, தங்காலை எல்லாம் அப்போது நன்றாக இருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு பக்கமும் ஓரளவு அமைதிதான். ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும். கொழும்புக்காரர்கள் எல்லாம் வசந்த காலக் கொண்டாட்டத்துக்கு நுவரெலியாவுக்கு ஏறுகிற அதே நேரத்தில் நாம் இறங்குகிறோம். மலைக்கு ஏறுகிற வரிசை நானுஓயாவையும் ரம்பொடையையும் அடைத்துக்கொள்ளும் என்பதால் விடியுமுன் புறப்படுங்கள். வேன்காரர்களும் அந்த வாரத்தில் விலையை ஏற்றிவிடுவார்கள்.

ஓகஸ்ட் விடுமுறைதான் பொன்னான நேரம். கிழக்கே கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வழியில் மின்னேரியா யானைக் கூட்டமும் கிடைக்கும்; அதைக் கீழே சொல்கிறோம்.

தீபாவளிதான் நம்மைக் கைவிடுகிற பண்டிகை. தோட்டத்தில் தருகிற பண்டிகை முற்பணமும் கையில் இருக்கும், லீவும் இருக்கும். ஆனால் ஒக்டோபர், நவம்பர் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவிலான காலம். பகலில் வெயிலடித்தாலும் பின்னேரம் இடியோடு மழை வரும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவதும் இப்போதுதான். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளியும் இந்தப் பருவத்தில் வந்ததுதான். மலைப்பாதைகளில் மண்சரிவு அபாயமும் சேர்ந்துகொள்ளும். தீபாவளிக்கு எங்காவது போயே ஆக வேண்டுமென்றால் கதிர்காமம் போங்கள், பொலன்னறுவை போங்கள். கடலை நம்பிப் போகாதீர்கள்.

டிசம்பர் விடுமுறையில் மாத நடுவுக்குப் பிறகு தெற்கே போகலாம்.

கிழக்கில் திருகோணமலையா, பாசிக்குடாவா, அறுகம்பையா?

கோயிலும் கடலும் சேர்ந்து வேண்டுமென்றால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால், திருகோணமலை. சின்னப் பிள்ளைகளைக் குளிக்க வைப்பதுதான் நோக்கமென்றால் பாசிக்குடா. வாலிபர் கூட்டமென்றால் அறுகம்பை.

ஹட்டன், நுவரெலியாக்காரர்களுக்குக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை வசதி. சாப்பிட, இறங்க, வாந்தியெடுக்கிற பிள்ளைக்காக நிறுத்த என்று எல்லாம் சேர்த்தால் ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாது. பதுளை, பசறை, லுணுகலைக்காரர்களுக்கு மட்டக்களப்பு கிட்ட. பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்களுக்கு எல்ல, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக அறுகம்பை.

மூன்றையும் ஒரே டிரிப்பில் முடிக்கிறோம் என்று கிளம்பாதீர்கள். வேனின் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

திருகோணமலையில் இரண்டு நாளில் என்னென்ன பார்க்கலாம்?

கோணேசர் கோயிலை முதல் நாள் பின்னேரத்துக்கு வையுங்கள். கோட்டை வாசலுக்குள் நுழைந்து மேடேறிப் போக வேண்டும். பிரெட்ரிக் கோட்டை என்கிற அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். ஞானசம்பந்தர் பாடிய பழைய கோயிலை 1622இல் இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டைக்கும் போட்டார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. இன்றைக்கும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. ஆகவே போட்டோ எடுக்கக் கூடாது என்று போர்டு போட்ட இடங்களில் போனை உள்ளே வையுங்கள். நடைபாதை ஓரத்தில் புள்ளிமான்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். கையில் பை இருந்தால் முகர்ந்து பார்க்க வரும். பிள்ளைகளுக்குக் கோயிலைவிட அதுதான் ஞாபகம் நிற்கும். பிஸ்கட் பக்கட்டை மட்டும் நீட்டாதீர்கள், பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. பழைய கோயிலின் தெய்வச் சிலைகள் சில 1950இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. கோயிலைச் சுற்றிக் கடற்பக்கம் வந்தால் இராவணன் வெட்டு. செங்குத்தாகப் பிளந்த பாறைக்கு அடியில் கடல் நீலமாகக் கிடக்கும். கம்பி வேலி இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று செல்பி எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கன்னியா வெந்நீர் ஊற்று. அநுராதபுரம் போகிற வீதியில், டவுனிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது. ஏழு சிறிய சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் நிலத்தில் குத்தியதில் ஊறியது என்பது கதை. தாய்க்குக் காரியம் செய்ய இன்றும் பலர் வருகிறார்கள். இறங்கி முங்கிக் குளிக்கிற இடமில்லை. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். கூட்டம் சேருமுன் போய்விடுங்கள்.

அதை முடித்துக்கொண்டு நிலாவெளிக்கு வந்தால் மத்தியானம் வரை கடல்தான். உப்புவெளி டவுனுக்குக் கிட்ட, நிலாவெளி இன்னும் வடக்கே. நேரம் குறைவென்றால் உப்புவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீர் இரண்டிலும் ஒன்றுதான்.

புறாத்தீவுக்குப் போகலாமா?

ஓகஸ்ட் என்றால் கட்டாயம் போங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், படகில் போக வேண்டும். 2003 முதல் தேசியப் பூங்கா. கரையிலேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட், பிறகு படகுக் காசு, கண்ணாடி வாடகை என்று மூன்றாகச் செலவு வரும். மூன்றையும் ஏறுமுன் பேசி முடியுங்கள். முகத்துக்குக் கண்ணாடி போட்டுக் குனிந்தாலே பவளப்பாறையும் கலர் மீனும் தெரியும். சில வேளை சின்னச் சுறாக்களும் ஓடும். அவை ஆளை ஒன்றும் செய்வதில்லை.

பவளத்தின்மேல் மிதிக்கக் கூடாது. அது கல் இல்லை, உயிருள்ளது. உடைந்தால் திரும்ப வளர ஆண்டுக் கணக்காகும். காலும் கிழியும். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கட் இல்லாமல் படகில் ஏறவே வேண்டாம். ஜாக்கட் போதாது என்று படகுக்காரர் சொன்னால் அடுத்த படகைப் பாருங்கள்.

பதுளையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர் வழி இருக்கிறதா?

இருக்கிறது. பலருக்கு இது தெரியாமல் கண்டிக்குப் போய்ச் சுற்றுகிறார்கள். பேராதனையில் தொடங்குகிற ஏ5 வீதி புசல்லாவை, நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று நம் மலையை முழுக்கக் கடந்து, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடியில் இறங்குகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு டவுன் கிட்டத்தான். லுணுகலை வரை வளைவுகள் வயிற்றைக் கலக்கும். பிபிலைக்குப் பிறகு சமதரை. மகா ஓயாவிலும் வெந்நீர் ஊற்று இருக்கிறது, கால் நீட்ட நல்ல இடம். பதுளையில் விடியக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டக்களப்பு.

பாசிக்குடா டவுனுக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். பருவத்தில் போனால் கடல் குளம் மாதிரி நிற்கும். வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். தேயிலைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை முதன்முதலில் கடலில் இறங்குவதற்கு இலங்கையில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது எங்கள் கட்சி. ஹோட்டல்கள் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் பொதுமக்கள் குளிக்கிற பகுதி தனியாக உண்டு.

டவுனில் ஒல்லாந்தர் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள்; இந்தத் தீவில் அவர்கள் கையில் விழுந்த முதல் கோட்டை இதுதான். வாவியின் ஓரத்தில் இருக்கிறது, அரை மணித்தியாலம் போதும். 1924ஆம் ஆண்டின் கல்லடிப் பாலத்தில் பின்னேரம் நடந்து பாருங்கள். பௌர்ணமி இரவில் வாவியில் மீன் பாடும் என்பார்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்குமாம். கேட்டவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

அறுகம்பை வெள்ளைக்காரர்களுக்கான இடமா?

அலைச்சறுக்குக்காரர்கள் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அங்கே குவிந்திருப்பது உண்மை. கடைகளில் விலையும் அவர்களுக்கேற்ற விலைதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பக்கத்திலுள்ள பொத்துவில் டவுனுக்குப் போனால் நம் கைக்கு அடங்கிய விலையில் சோறும் மீன் குழம்பும் கிடைக்கும். இறைச்சி ஹலால், ஆட்கள் தமிழ் பேசுகிறவர்கள். அலையில் பலகை ஏறிப் பழக்கிவிட ஊர்ப் பொடியன்மார் இருக்கிறார்கள். தெற்கே உகந்தை முருகன் கோயிலும் குமண தேசியப் பூங்காவும். கதிர்காமத்துக்குக் காட்டு வழியாகப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையில் தங்கித்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். குடும்பத்தோடு குளிக்க மட்டும் இங்கே வராதீர்கள். அலை சறுக்க நல்ல கடல், முங்க நல்ல கடலாக இருப்பதில்லை.

யானை பார்க்க எந்தப் பூங்கா?

பிள்ளைகள் கட்டாயம் யானை பார்க்க வேண்டுமென்றால் உடவளவை. 1972இல் தொடங்கிய பூங்கா. வெட்டவெளி என்பதால் எந்த மாதம் போனாலும் யானை தெரியும். பக்கத்திலேயே தாயை இழந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிற நிலையம் ஒன்று இருக்கிறது. பால் கொடுக்கிற நேரத்துக்குப் போனால், குட்டிகள் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடி வருகிற கூத்தைப் பார்க்கலாம்.

யால என்றால் எல்லாரும் சிறுத்தையைச் சொல்லுவார்கள். சிறுத்தை நமக்காகக் காத்திருக்காது. ஜீப்புக்குப் பின்னால் ஜீப்பாக நின்று புழுதியைத் தின்றுவிட்டு வருகிற நாளும் உண்டு. வறட்சியில் செப்டெம்பர் தொடங்கி ஆறு வாரம் போல முக்கியப் பகுதியை மூடுவதும் வழக்கம்.

ஓகஸ்டில் திருகோணமலை போகிறவர்களுக்கு மின்னேரியா. மகாசேனன் கட்டிய குளம். கோடையில் தண்ணீர் வற்றி, குளத்தடியில் புல் முளைக்கும். அதைத் தின்னச் சுற்றுக் காட்டு யானைகள் எல்லாம் பின்னேரம் அங்கே கூடும். நூற்றுக்கணக்கில் நிற்கும் நாட்களும் உண்டு. ஹபரணையில் ஜீப் பிடிக்கலாம். சில வேளை யானைகள் பக்கத்துக் காடான ஹுருலுவுக்கோ கவுடுல்லைக்கோ போய்விடும். எங்கே நிற்கின்றன என்று ஜீப்காரர்களுக்குத் தெரியும், கேட்டுவிட்டு டிக்கட் எடுங்கள்.

பூங்காக்கள் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. உள்நாட்டுக்காரர் டிக்கட் மலிவு, ஆனால் அடையாள அட்டை வேண்டும். காசைத் தின்பது ஜீப்தான், ஆகவே ஜீப்பை நிரப்பிக்கொண்டு போங்கள்.

கதிர்காமம் போகிறோம், அப்படியே கடலும் பார்க்க முடியுமா?

முடியும். திஸ்ஸமகாராமவுக்கு வந்து கிரிந்தைக்குத் திரும்பினால் கடல். பார்க்கத்தான், குளிக்க வேண்டாம். பாறையும் அலையும் மோசம். குளிப்பதற்கு மாணிக்க கங்கை இருக்கவே இருக்கிறது. பறவை பிடிக்குமென்றால் புந்தல பூங்கா கிட்டத்தான்.

புத்தல–கதிர்காமம் வீதியில் யானை வழிமறித்து நிற்கும். பழமும் பிஸ்கட்டும் கொடுத்துக் கொடுத்து ஆட்கள் பழக்கிய பழக்கம் அது. ஜன்னலை மூடுங்கள், எதையும் நீட்டாதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள்.

காலிக் கோட்டை அவ்வளவு தூரம் போகத் தகுந்ததா?

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை போனால் தகும். 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை ஒல்லாந்தர் பெரிதாக்கினார்கள். 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மதில்மேல் முழுக்க ஒரு சுற்று நடக்கலாம், காசு கிடையாது. 2004 சுனாமியில் வெளியே டவுன் அழிந்தபோது உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது இந்த மதில்தான். பக்கத்தில் உனவட்டுன குளிக்க நல்லது. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகு போகும். கடல் பழகாத நம் வயிற்றுக்கு அந்தப் படகு ஒத்துக்கொள்வது அபூர்வம், வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

நம் ஆட்கள் தவறவிடுவது தெவிநுவரையை. மாத்தறைக்கு அடுத்து, நாட்டின் தென் முனை. 1890இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போர்த்துக்கேயர் 1588இல் இடிக்கும்வரை கடலோடிகள் எல்லாம் வந்து கும்பிட்ட பெருங்கோயில் அங்கே இருந்தது. சீனத் தளபதி செங் ஹீ கொண்டுவந்து நாட்டிய கல் ஒன்று 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதிய கல். தமிழ்ப் பகுதியில் தென்னாவரை நாயனாருக்குச் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. அந்தத் தென்னாவரைதான் இந்தத் தெவிநுவரை. கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

கொழும்பில் குளிக்க இடமில்லையா?

காலி முகத்திடலில் இறால் வடை சாப்பிடலாம், பட்டம் விடலாம். குளிக்க வேண்டுமென்றால் கல்கிசைக்குப் போங்கள், அதுவும் மே முதல் செப்டெம்பர் வரை வேண்டாம்.

தலைமன்னாரில் பார்க்க என்ன இருக்கிறது?

உல்லாசப் பயணக் கண்ணோடு போனால் ஒன்றும் இல்லை. துருப்பிடித்த இறங்குதுறை, பழைய கலங்கரை விளக்கம், காற்று, கழுதைகள். ஆனால் மலையகத்துக் குடும்பம் ஒன்று வாழ்நாளில் ஒரு தடவையாவது போக வேண்டிய கரை எது என்று கேட்டால், பாசிக்குடாவையும் காலியையும் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்லுவோம்.

கோப்பிக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் தோணியில் வந்து இறங்கியது இந்த மன்னார்க் கரைப் பக்கம்தான். இங்கிருந்து வன்னிக் காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இறங்குதுறை வரை கோச்சியும் (ரயிலும்) வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கோச்சி ஏறி, இதே துறையில்தான் கப்பலுக்குக் காத்து நின்றார்கள். வந்த வாசலும் அதுதான், போன வாசலும் அதுதான். யுத்தத்தில் நின்ற ரயில் பாதை 2015இல் திறக்கப்பட்டது. நம் ஆட்கள் இங்கே வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்த மலையகம் 200ஐ ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்ததும் இந்தப் பாதையின் ஞாபகமாகத்தான்.

வீட்டில் அந்தக் காலம் தெரிந்த பாட்டி தாத்தா இருந்தால் கூட்டிப் போங்கள். துறைக்குப் போனதும் அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். எந்தப் பெட்டி, எந்த ட்ரங்க், யார் கடைசியாகக் கை காட்டினார்கள் என்று பேச்சு அங்கே தானாக வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு நாள் டிரிப் இல்லை. மன்னாரில் தங்கித் திருக்கேதீஸ்வரம், மன்னார்க் கோட்டை, பள்ளிமுனையிலுள்ள பெருக்குமரம் (பாவோபாப்) மூன்றையும் சேருங்கள். மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்க ஒரு லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆட்கள் வேண்டும். பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். வங்காலைப் பக்கத்தில் பூநாரைகள் நிற்கிற காலமும் அதுதான். திரும்பும்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் நிறுத்தினால் அவர்கள் நடந்த வழி ஒன்றாகச் சேரும்.

எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. பயமா?

பயப்படத்தான் வேண்டும். ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் குளித்த பழக்கம் கடலில் உதவாது. கரைக்கு வந்த அலை திரும்பிப் போகும்போது சில இடங்களில் ஒரே ஓடையாகச் சேர்ந்து இழுக்கும். மற்ற இடமெல்லாம் நுரை தள்ள, அந்த இடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரியும். அமைதி என்று நினைத்து ஆட்கள் இறங்குவதும் அங்கேதான். இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடாதீர்கள், மூச்சு தீர்ந்துவிடும். மிதந்துகொண்டு கரைக்குப் பக்கவாட்டாக நகர்ந்தால் இழுவையிலிருந்து வெளியே வரலாம். கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். உயிர்காப்பு ஆட்கள் நிற்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். குடித்தவர்களை இறக்காதீர்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் பாய்ந்து இரண்டு பேரும் போவதுதான் வழக்கமாக நடப்பது. வெறும் கேனையோ கயிற்றையோ எறியுங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

வெயில் தாங்குமா?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பியவர் ஒரே நாளில் திருகோணமலை வெயிலில் இறங்குகிறார். காலை ஒன்பதுக்கு முன், பின்னேரம் மூன்றரைக்குப் பின் கடல், நடுவில் நிழல். தண்ணீரோடு தம்பிலியும் தோடம்பழமும் எடுங்கள். தலைசுற்றல், வாந்தி வந்தால் நிழலில் படுக்கவைத்து ஈரத்துணி போடுங்கள். இரவுக்கு நுளம்புத் திரி மறக்காதீர்கள்.

செலவை எப்படிக் குறைப்பது?

வேனுக்குப் பதில் பஸ் ஒன்றை லயமே சேர்ந்து பிடிப்பது, மாதாமாதம் சீட்டு மாதிரிக் காசு சேர்ப்பது, கேஸ் அடுப்பும் பானையும் கொண்டுபோய்ச் சமைப்பது. இவை மூன்றும் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது ஒன்று: வாடகை பேசும்போது கிலோமீற்றர் கணக்கா, நாள் கணக்கா, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் தலையில் என்பதை எழுதி வாங்குங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட வார இறுதியில் அறை விலை ஏறும். அதற்கு அடுத்த வாரம் போனால் அதே அறை மலிவு.

கோச்சியில் போகலாமா?

மலையிலிருந்து கிழக்குக்கு நேர் கோச்சி இல்லை. பொல்கஹவலையில் இறங்கி மாற வேண்டும். பொடியன்மாருக்குச் சரி, மூட்டை முடிச்சோடும் கைப்பிள்ளையோடும் வேண்டாம்.

இரவில் ஓடி விடிய இறங்கினால் ஒரு நாள் மிச்சமாகுமே?

சாரதியின் தூக்கத்தில் அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்காதீர்கள். ஹபரணை–கந்தளாய், மகா ஓயா, லாகுகல வீதிகளில் இரவில் யானை குறுக்கே நிற்கும். மலையிலோ பனி. விடிய நாலு மணிக்குக் கிளம்புங்கள், பகலில் ஓடுங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

திருகோணமலையில் கருவாடு, பனங்கற்கண்டு. மட்டக்களப்பில் கஜுவும் சட்டித் தயிரும். சட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பிபிலைக்குப் பிறகு வளைவில் உருண்டுவிடும். பவளம் எடுத்துவருவது சட்டப்படி குற்றம். ஆமை ஓட்டில் செய்த சாமான்களும் அப்படித்தான். யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கருவாட்டை நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். வளைத்தால் முறிய வேண்டும். பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் பையைப் போட்டால் வேனில் நாற்றம் குறையும். வீட்டுக்கு வந்ததும் பையை விட்டு வெளியே எடுத்து அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள், இல்லாவிட்டால் நம் பனிக்கு ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.